முதலாளி பொய் பில் போடச் சொன்னால் ரோமர் 13-இன்படி கீழ்ப்படிய வேண்டுமா?

சரக்கே வராமல் பில் போடச் சொல்கிறார் முதலாளி. ஜெபக்குறிப்பாகச் சொன்னபோது போதகர் ரோமர் 13-ஐக் காட்டி 'அடங்கிப் போ' என்றார். இதுதானே உங்கள் கேள்வி? கணக்குப் பிரிவில் வேலை, இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீடு என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பில்லைப் போடாதீர்கள். போடாமல் இருப்பதுதான் ரோமர் 13. மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் முதல் வசனத்தைச் சொல்லிவிட்டு வேதத்தை மூடிவிடுகிறார்கள். 6, 7ஆம் வசனங்கள் வரி கட்டுவதைப் பற்றியவை. சரக்கு கைமாறாமல் பில் போடுவது ஜிஎஸ்டி சட்டத்தின் 132ஆம் பிரிவின்படி குற்றம். பவுல் அங்கே பேசுவது பட்டயம் பிடித்த, வரி வாங்குகிற அரசைப் பற்றி. முதலாளிக்கு, எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5, 1 பேதுரு 2:18 இருக்கிறதே என்பார்கள். அவை அடிமைகளுக்கு எழுதப்பட்டவை. நம் பழைய மொழிபெயர்ப்பு 'வேலைக்காரரே' என்று போட்டுவிட்டது. ராஜினாமா செய்ய வழியே இல்லாதவனுக்குச் சொன்னதைச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்மேல் அப்படியே சுமத்த முடியாது. அந்த அடிமைக்கும்கூட, எஜமானுக்காகப் பொய் சொல் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'கீழ்ப்படி' என்ற ஒரே சொல். ரோமர் 13:1-இல் கிரேக்கத்தில் உள்ளது ஹுப்போடாஸ்ஸோ: ஒழுங்கில் ஒருவருக்குக் கீழே நிற்பது. பிள்ளைகளுக்குச் சொல்லும் எபேசியர் 6:1-இல் ஹுப்பாகூவோ: கேட்டு அதன்படி நடப்பது. அப்போஸ்தலர் 5:29-இல் பெய்தார்கெயோ: அதிகாரத்தில் உள்ளவரின் கட்டளைக்கு இணங்குவது. மூன்றுமே தமிழில் கீழ்ப்படிதல்தான். இவை எப்போதும் தனித்தனி என்று நான் வாதாடவில்லை; 1 பேதுரு 3:5-6-இல் முதல் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் கீழே நின்றுகொண்டே கட்டளையை மறுக்க முடியும். பேதுரு செய்தது அதுதான். இயேசுவின் பெயரில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையை யூத ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே மறுத்தார், அடியையும் வாங்கிக்கொண்டார், கை ஓங்கவில்லை. இதைப் போய்க் கலகம் என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவதற்கு முன் அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தை முழுதாக வாசிக்க வேண்டுகிறேன்.

எப்படி மறுப்பது என்பதற்குத் தானியேல் முதல் அதிகாரத்தைப் போல வேறொன்று இல்லை. பாபிலோன் ராஜாவின் சாப்பாடும் திராட்சரசமும் தனக்கு வேண்டாம் என்று முதலில் பிரதானிகளின் தலைவனிடம் கேட்டான். தன் தலை போய்விடும் என்று அவர் பயந்ததும் மல்லுக்கு நிற்காமல், அடுத்த நிலையில் இருந்த மேல்ஷாரிடம் போனான். பத்து நாள் கெடு. பருப்பு முதலான மரக்கறி, தண்ணீர். பிறகு முகத்தை ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்றான். மறுத்தது அந்தச் சாப்பாட்டை மட்டும். தனக்கு வைத்த பெல்தெஷாத்சார் என்ற பாபிலோன் பெயரை மறுக்கவில்லை, கல்தேயர் எழுத்தையும் பாஷையையும் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

நீங்களும் அந்த ஒரு பில்லை மட்டும் மறுங்கள்; மற்ற வேலை ஒன்றுகூடத் தேங்கக் கூடாது. தனியாகப் போய்ச் சொல்லுங்கள்: "சார், டெலிவரி சலான் வந்த அன்றே பில் போட்டுத் தருகிறேன். சரக்கு வராமல் என்னால் முடியாது." அன்றைக்கே அதை இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். உடம்பு சரியில்லை என்று விடுப்பு போடுகிறார்கள், அதுவும் பொய். அல்லது தன் லாகினைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்து 'நீ போட்டுவிடு' என்கிறார்கள். பதிவு உங்கள் பெயரில் நிற்கும், பாவம் இரண்டு பேருக்கு. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டு உடைப்பதும் வேண்டாம். அவரை அவமானப்படுத்துவது மறுப்பில் சேராது. வேலை போகலாம். அதற்கு மனதைத் தயார்செய்துவிட்டுப் பேசுங்கள்.

சட்டத்தை நாடுவது அவிசுவாசம் இல்லை. பவுல் ரோமக் குடியுரிமையைச் சொன்னார், இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். 1985 ஜூலையில் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவர்களுடைய உபதேசம் எனக்கு ஏற்புடையது அல்ல. மறுத்த விதம் ஏற்புடையது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது தாங்கவில்லை. இதே 'அடங்கிப் போ' காணிக்கைக் கணக்கு கேட்பவர்கள்மேலும் பாய்கிறது. கூடவே 'நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே' என்று சங்கீதம் 105:15. அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். தேவன் கடிந்துகொள்வது ராஜாக்களை. அதிகாரத்தில் இருந்தவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. எருசலேமுக்குப் பணம் சேர்த்த பவுலோ, யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று வேறு சகோதரரையும் உடன் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). சங்கமாகப் பதிவான சபையில் ஆண்டுக் கணக்கைப் பொதுக்குழு முன் வைப்பது சட்டக் கடமையும்கூட.