அவரா, அவங்களா?

பணியிடம்: வாசகர் கேள்வி பதில்

ஆபீஸில் “உங்க ப்ரோனவுன் என்ன?” என்று கேட்கிறார்களே, அதற்கு என்ன செய்வது என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: வீட்டிலிருந்தபடியே ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் மெயில் கையெழுத்தில் ப்ரோனவுன் சேர்க்க வேண்டும் என்று எச்.ஆர். எழுதியிருக்கிறார். எதை, எங்கே எழுதுவது? எழுதாவிட்டால் வேலைக்கு ஆபத்தா? (வாசகி, காட்பாடி)

பதில்: நீங்கள் இல்லாத இடத்தில் உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறவர் ஹி என்பதா, ஷி என்பதா, தே என்பதா என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவைப்பது, அவ்வளவுதான். பெயருக்குப் பக்கத்திலோ கீழேயோ ‘ஷி/ஹர்’ என்று எழுதினால் போதும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ‘ஹி/ஷி’ என்று இரண்டையும் போட்டு விட்டுவிடுவது. நம் ஊர் விண்ணப்பங்களில் ‘வேண்டாததை அடிக்கவும்’ என்று பழகிய கை அப்படித்தான் எழுதும். அங்கே படிப்பவரோ, இவருக்கு இரண்டும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். இன்னும் சிலர் அந்த இடத்தில் ‘மிஸஸ்’ என்று போடுகிறார்கள். கேட்டது அது இல்லை. கல்யாணம் ஆனதை யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், சிக்னேச்சர்ஸ் என்று போக வேண்டும். புது மெயிலுக்கு ஒன்று, பதில் மெயிலுக்கு ஒன்று என அங்கே இரண்டு தேர்வுப் பெட்டிகள் இருக்கும். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, ‘ரிப்ளை போட்டா வரலையே’ என்பவர்கள்தான் அதிகம். கைபேசிச் செயலியில் கையெழுத்தைத் தனியாக மாற்ற வேண்டியிருக்கும். ஜிமெயிலில் மாற்றினால், பக்கத்தின் அடிவரை இறங்கி ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்தாமல் வெளியே வராதீர்கள். டீம்ஸில் அந்தக் கட்டமே தெரியவில்லை என்றால் தவறு உங்களுடையது இல்லை. மைக்ரோசாஃப்ட் அதை மூடிய நிலையில்தான் தருகிறது, நிறுவனத்தின் அட்மின் திறந்துவிட்டால்தான் தெரியும். ஜூமில் உங்கள் புரொஃபைல் பக்கத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்டுக் காட்டவா, எப்போதும் காட்டவா, காட்டவே வேண்டாமா என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

இதனால் தமிழர்களுக்கு ஒரு தனி லாபமும் உண்டு. ஜோதி, மணி, சசி, கிருபா என்ற பெயர்கள் ஆணுக்கும் இருக்கின்றன, பெண்ணுக்கும் இருக்கின்றன. போதாததற்கு நம் இனிஷியலை விரித்து ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுவதால், ஆறுமுகத்தின் மகளுக்கு ‘டியர் மிஸ்டர் ஆறுமுகம்’ என்று கடிதம் வருகிறது. ப்ரோனவுன் போட்டால் ‘மிஸ்டர்’ போய்விடும், ‘ஆறுமுகம்’ போகாது. அதற்கு ஐ.டி. பிரிவிடம் சொல்லி டிஸ்ப்ளே நேமை மாற்ற வேண்டும்.

எழுதாவிட்டால் ஆபத்தா? தன் ப்ரோனவுனை ஒருவர் எழுதியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் எதுவும் இல்லை. பல நிறுவனங்களில் ‘விருப்பப்பட்டவர்கள் சேர்க்கலாம்’ என்று வரும் அறிவிப்பு, டீம் லீடர் கைக்கு வரும்போது ‘எல்லாரும் வெள்ளிக்கிழமைக்குள்’ என்று ஆகிவிடுகிறது. இது விருப்பமா, கட்டாயமா என்று எச்.ஆருக்கே ஒரு வரி மெயில் போடுங்கள். வாய்மொழியில் கேட்காதீர்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய பட்டியலில் ‘பணியாளர் விரும்பும் ப்ரோனவுன்’ என்று ஒரு வரி இருக்கிறது. சேர்க்கைப் படிவம் தமிழில். அதில் எப்படிக் கேட்பது? (ஆம்பூர்)

பதில்: ஆங்கில வரியை அப்படியே தமிழாக்கிப் படிவத்தில் ஒட்டாதீர்கள். தையல் லைனில் உட்காரும் பெண்ணிடம் ‘ஷி/ஹர், ஹி/ஹிம், தே/தெம்: டிக் செய்யவும்’ என்று நீட்டினால், சூப்பர்வைசர் எதைக் காட்டுகிறாரோ அதில் டிக் விழும். பையருக்குக் காட்டக் காகிதம் கிடைக்கும், வேறு ஒன்றும் கிடைக்காது.

படிவத்தில் மூன்று விஷயங்களைப் பிரித்துக் கேளுங்கள். முதலாவது, ஆதாரில் உள்ள பாலினம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுக்கு இது வேண்டும். ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் ஆண், பெண் தவிர மூன்றாவது தேர்வும் இருக்கிறது. அதை அச்சடிக்க மறந்துவிடாதீர்கள். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாருடன் ஒத்துப்போகாவிட்டால் யு.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண்ணுடன் ஆதார் இணையாது. பின்னால் திருத்த விண்ணப்பம், கையெழுத்து என்று பணியாளர்தான் அலைய வேண்டும். அதனால் இந்தக் கட்டத்தில் விருப்பத்தைக் கேட்காதீர்கள், ஆதாரில் உள்ளதை மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது, ‘உங்களை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும்?’ ஐ.டி. கார்டில் இந்தப் பெயர் பெரிதாக வரட்டும், ஆதார் பெயர் சம்பளப் பதிவேட்டோடு நிற்கட்டும்.

மூன்றாவதுதான் உங்கள் பையர் கேட்பது. ‘உங்களைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எப்படிச் சொல்ல வேண்டும்?’ என்று கேட்டு, கீழே முழு வாக்கியங்களாகக் கொடுங்கள்: ‘அவரு வந்தாரு’, ‘அவங்க வந்தாங்க’, ‘பெயரை மட்டும் சொன்னால் போதும்’, ‘இதைச் சொல்ல விருப்பமில்லை’. வாக்கியமாக இருந்தால் படித்த உடனே புரியும். இந்தக் கேள்விக்கு நட்சத்திரக் குறி போடக் கூடாது. காலியாக விட்டாலும் படிவம் செல்ல வேண்டும். இந்தப் பதிலை யார் யார் பார்ப்பார்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். ஏஜென்சி மூலம் வரும் ஆட்களின் படிவம் ஒப்பந்ததாரர் கையில் சுற்றும் என்பதால், அவர்களிடம் இந்த மூன்றாவது கேள்வியை நேரில் கேட்பதே மேல்.

புதிதாகச் சேர்ந்தவர்களை வட்டமாக நிறுத்தி, பெயரோடு ப்ரோனவுனையும் சொல்லச் சொல்லும் பழக்கம் சில பயிற்சி வகுப்புகளில் இருக்கிறது. அதை வேண்டாம் என்போம். தன் பாலினத்தை வெளியே சொல்லாத ஒருவர் அந்த இடத்தில் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் முப்பது பேர் முன்னால் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பல லைன்களில் பெண்களைக் கூப்பிடுவது இன்னும் ‘வாடி, போடி’தான். அதை நிறுத்தாமல் ப்ரோனவுன் கட்டம் அச்சடிப்பது வீண் செலவு.

கேள்வி: நான் திருநம்பி, பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட ஆண். வீட்டில் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபீஸ் சாஃப்ட்வேரில் இந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. ‘ஷி’ என்று போட மனம் வரவில்லை, ‘ஹி’ என்று போட பயம். (ராணிப்பேட்டை)

பதில்: முதலில் அந்தக் கட்டத்தில் வேறு ஏதாவது ஏற்கிறதா பாருங்கள். தட்டச்சு செய்யும் கட்டமாக இருந்தால் உங்கள் பெயரையே எழுதலாம். ‘என் பெயரைச் சொல்லியே குறிப்பிடுங்கள்’ என்பதும் ஏற்கப்படும் பதில்தான், அது எதையும் வெளிக்காட்டாது. பட்டியலில் இருந்து தேர்வது மட்டுமே என்றால், காலியாக விடும் வசதி வேண்டும் என்று எச்.ஆரிடம் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். ‘தனிப்பட்ட விவரம், பகிர விருப்பமில்லை’ என்பது போதும். அதுவரை ‘ஷி’ என்று விட்டுவைத்தாலும் நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. பாதுகாப்புக்காகச் செய்வது அது.

நிரப்புவதற்கு முன் அது எங்கெல்லாம் தெரியும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டீம்ஸ் புரொஃபைலில் போட்டால் நிறுவனத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியும். மெயில் கையெழுத்து வெளியாருக்கும் போகும், ஃபார்வர்டு ஆகும். லிங்க்ட்இன்னில் எல்லாருக்குமா, உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டுமா என்று தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அந்தத் தொடர்பில் உங்கள் சித்தப்பா மகனும் இருப்பான். சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களும் வாலாஜாவில் குடியிருப்பவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை. சென்னை ஆபீஸில் தைரியமாகச் செய்வதை இங்கே அப்படியே செய்ய முடியாது.

சொல்ல வேண்டும் என்று தோன்றும் காலத்தில், சாஃப்ட்வேரில் தொடங்காதீர்கள். நம்பிக்கையான ஒருவர், பிறகு நேரடி மேலாளர், பிறகு எச்.ஆர்., கடைசியில் கணினிப் பதிவு என்ற வரிசை நல்லது. ஆதார் மாறுவதற்கு முன்பே அழைக்கும் பெயரை மாற்றிக் கேட்கலாம். பி.எஃப். பதிவை மட்டும் ஆதார் மாறிய பிறகு தொடுங்கள்.

சட்டத்தில் உங்களுக்குத் துணை இருக்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று நல்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இல் வந்து, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது, நிறுவனம் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது அது. புகாரை 15 நாளில் விசாரிக்கச் சொல்கின்றன 2020ஆம் ஆண்டு விதிகள். உங்கள் ஆபீஸில் அந்த அலுவலர் யார் என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சட்டங்களும் விதிகளும் திருத்தப்படும் என்பதால், புகார் கொடுக்கும் கட்டம் வந்தால் அன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கையில் பணம் இல்லையென்றால் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தைப் போல மாவட்ட நீதிமன்றங்களில் இயங்கும் இலவச சட்ட உதவியை அணுகலாம்.

கேள்வி: என் டீமில் ஒரு திருநங்கை சேர்ந்திருக்கிறார். முன்பு வேறு பிரிவில் வேறு பெயரில் பார்த்துப் பழகியவர். எவ்வளவு கவனமாக இருந்தாலும் பழைய பெயரும் ‘அவன்’ என்பதும் வாயில் வந்துவிடுகின்றன. என்ன செய்வது? (வேலூர்)

பதில்: வந்துவிட்டால் அந்த வாக்கியத்துக்குள்ளேயே திருத்திவிட்டு மேலே போங்கள். ‘ரிப்போர்ட்ட அவன்... அவங்க அனுப்பிச்சிட்டாங்க, நீ பார்த்தியா?’ இவ்வளவுதான். ‘ஐயோ சாரி, பழக்கதோஷம், மன்னிச்சிக்கோங்க’ என்று இரண்டு நிமிடம் இழுத்தால், கூட்டத்தில் எல்லார் கண்ணும் அவர் மேல் திரும்பும். ‘பரவால்லங்க’ என்று உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

தமிழில் சுட்டும் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது, வினைமுற்றும் கூடவே மாற வேண்டும். ‘அவங்க’ என்று சரியாகத் தொடங்கி ‘வந்துகினு இருக்கான்’ என்று முடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் சறுக்கல். எழுத்தில் ‘அவர் வந்தார்’ எல்லாருக்கும் பொருந்தும். பேச்சில் ‘அவரு’ ஆண் பக்கம் சாய்ந்துவிட்டது. பெண்ணை மரியாதையாகச் சொல்ல நம் பக்கம் ‘அவங்க’தான். அதனால் மெயிலில் ‘அவர்’, பேச்சில் ‘அவங்க’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதில் சின்னவராக இருந்தாலும் ‘அவ’ என்று இறங்க வேண்டாம், மற்ற பெண்களை டீமில் எப்படிச் சொல்கிறீர்களோ அதே படியில் வையுங்கள். ‘அது’ எந்த நிலையிலும் கூடாது.

நாக்கு திரும்ப ஒரே வழி, அவர் இல்லாத இடத்திலும் சரியாகப் பேசுவது. கேன்டீனில் ‘அவன்’ என்று பேசிவிட்டு மீட்டிங்கில் மட்டும் மாற்ற நினைத்தால் முடியாது. அடுத்த சறுக்கல் முறைப்பெயரில். டீமே ‘ணா, ணா’ என்று கூப்பிட்டுப் பழகியிருந்தால் அதுவும் மாற வேண்டும். ‘அக்கா’ என்று கூப்பிடலாமா, பெயரே போதுமா என்று அவரிடம் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். மெயில் குழுக்கள், ஷிஃப்ட் அட்டவணை, பழைய எக்செல் ஷீட் ஆகியவற்றில் பழைய பெயர் கிடக்கும். அதை எடுத்துவிட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கேள்வி: இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் கையெழுத்தில் போட மாட்டேன் என்றால் தண்டிப்பார்களா? (வாணியம்பாடி)

பதில்: உங்களுடையதைப் போடாமல் இருப்பது உங்கள் இஷ்டம். அடுத்தவர் கேட்டுக்கொண்ட பிறகும் வேண்டுமென்றே மாற்றிக் கூப்பிடுவது வேறு கணக்கு. நிறுவன நடத்தை விதியில் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதாக இருக்கலாம். 2019 சட்டத்தின் 18ஆம் பிரிவு, திருநரைச் சொல்லால் துன்புறுத்துவதையும் குற்றமாகச் சொல்கிறது. நாக்கு பிறழ்வது குற்றம் இல்லை. தினமும் சீண்டுவது அந்தப் பக்கம் போய்விடும். மனம் ஒப்பாவிட்டால் அவருடைய பெயரைச் சொல்லியே பேசலாம். அதற்கு யாருடைய நம்பிக்கையும் குறுக்கே நிற்காது.

கேள்வி: அமெரிக்காவிலேயே இதை எடுத்துவிட்டார்களாமே? (குடியாத்தம்)

பதில்: 2025 ஜனவரி இறுதியில் அங்கே மத்திய அரசு அலுவலகங்களின் ஊழியர்களிடம், மெயில் கையெழுத்திலிருந்து ப்ரோனவுனை நீக்கச் சொன்னார்கள். அது அவர்கள் அரசு ஊழியர்களுக்கான உத்தரவு. தனியார் நிறுவனம் வைப்பதும் எடுப்பதும் அதனதன் முடிவு. இங்கே தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் வந்தது 2008இல். மெயில் கையெழுத்து மோஸ்தர் நம் பக்கம் வருவதற்கு வெகுமுன்பே நாம் எந்தச் சொல்லால் யாரைக் கூப்பிடுவது என்று பேசத் தொடங்கிவிட்டோம்.

கேள்வி: ஒரு கிளையன்ட் ‘ஷி/தே’ என்று போட்டிருக்கிறார். எதைச் சொல்வது? (ஆற்காடு)

பதில்: இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்குச் சம்மதம். முதலில் எழுதியதை விரும்புகிறவர்கள் அதிகம் என்பதால் சந்தேகம் இருந்தால் ‘ஷி’. ‘தே’ என்று எழுதினால், ஒருவரே ஆனாலும், வினை ‘ஆர்’தான், ‘இஸ்’ இல்லை. ஒருவரைக் குறிக்கும் ‘தே’யை மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இன் ஆண்டுச் சொல்லாகவே தேர்ந்தது, அதனால் இலக்கணப் பிழை என்று உங்கள் மேலாளர் சிவப்பில் அடித்தால் இதைச் சொல்லுங்கள். டீமுக்குள் தமிழில் அவரைப் பற்றிப் பேச ‘அவங்க’.