பினாங்கில் ஒரு நாள்: 300 ரிங்கிட் போதுமா?

கேள்வி: என் தங்கை மலேசியாவில் பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். அடுத்த மாதம் நான், கணவர், 9, 6 வயதுப் பிள்ளைகள் என நாலு பேரும் போகிறோம். ஒரு நாள் எதிர்க்கரையில் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்க 300 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறேன். நாள் முழுக்க வேனுக்கே 350 கேட்கிறார்கள். கணவர், "கார்டைத் தேய்த்துவிடலாம்" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

பதில்: வேனை விட்டுவிடுங்கள். 300-க்குள் தாராளமாகவே பார்த்துவிட்டு வரலாம்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் ஆளுக்கு 2 ரிங்கிட் அளவில்தான் ஆகும். பழைய நகரத்துக்குள் சுற்றுவதற்கு 'கேட்' (CAT) என்ற இலவசப் பேருந்தே இருக்கிறது. ஃபெரித் துறைக்குப் பக்கத்திலேயே ஏறிக்கொள்ளலாம். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி இது. பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசிக்கு டிக்கெட்டே கிடையாது: கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் சியூ ஜெட்டி வீடுகள், ஆர்மீனியன் தெருவின் சுவரோவியங்கள், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833-ல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயில். சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகள் ஓவியத்தின் முன் போட்டோ எடுக்க வரிசை நிற்கும். உங்கள் பிள்ளைகள் அதில் நிற்காமல் விடமாட்டார்கள்.

பெரிய செலவு ஒன்றே ஒன்றுதான், பினாங்கு மலை ரயில். வெளிநாட்டவருக்கு 30 ரிங்கிட், குழந்தைக்குப் பாதி. ஆக உங்களுக்கு 90. மொத்தப் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இருந்தாலும் இதை வெட்டச் சொல்ல மாட்டேன், ஒரு பெரிய செலவைப் பிடித்துச் செய்துவிட்டு மற்றதைச் சிக்கனமாக வைத்துக்கொள்வதுதான் நல்ல திட்டம். ஆனால் மேலே போனதும் ஹாபிடாட் வனப்பாதைக்குத் தனி டிக்கெட் கேட்பார்கள். அதற்கும் தலையாட்டினால் கணக்கு உடைந்துவிடும். கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே 204-ஆம் எண் பேருந்தில் மலைக்குப் போய்விடுங்கள். சில்லறை சரியாக வைத்துக்கொள்ளுங்கள், டிரைவர் மீதி தரமாட்டார். திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி புத்தர் கோயில் இருக்கிறது, உள்ளே போகக் கட்டணமில்லை. ஊரை வெயில் தாழ்ந்த பிறகு பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு 100 வைத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். சோற்றோடு நாமே குழம்பு, கறிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் நாசி கண்டார் கடைக்குப் போனால் மட்டும் கொஞ்சம் உஷார்: பெரிய இறால், கணவாய் என்று கை காட்டக் காட்டத் தட்டின் விலை ஏறிக்கொண்டே போகும். விலையைக் கேட்டுவிட்டுக் கை காட்டுங்கள், அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி கார்டு விஷயம். நம் வங்கிகளின் பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்-அப், அதாவது கூடுதல் கட்டணம், உண்டு. அந்த மார்க்-அப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஆக மொத்தம் நாலு சதவீதத்துக்கு மேல். இது போதாதென்று, கடையில் மெஷின் "ரூபாயிலா, ரிங்கிட்டிலா?" என்று கேட்கும். ரூபாய் தெரிந்த பணம் என்று அதை அமுக்கினால், மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கியாக இருக்காது. பெரும்பாலும் நஷ்டம்தான். எப்போதும் ரிங்கிட்டையே அமுக்குங்கள். ஏ.டி.எம்.மில் எடுத்தாலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: இந்த ஒரு நாளுக்கான 300-ஐ ரொக்கமாக மாற்றித் தனி பர்ஸில் வையுங்கள். விமான நிலையத்தில் மாற்ற வேண்டாம். லிட்டில் இந்தியாவைச் சுற்றியே பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன, இரண்டு மூன்றில் விகிதம் கேட்டுவிட்டு மாற்றலாம். தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். முதல் நாள் செலவுக்கு மட்டும் கோவையிலேயே கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு கையில் இருக்கட்டும், அவசரத்துக்கு மட்டும்.

ஃபெரி, பேருந்து, மலை, சாப்பாடு எல்லாம் போக அறுபது எழுபது ரிங்கிட் மிஞ்சும். அதைப் பொம்மைக் கடையில் விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் மழை பிடித்து, சின்னவன் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் கிராப் ஆப்பில் வாடகைக் கார் பிடிக்க அந்தப் பணம் வேண்டும். அப்படி எதுவும் நடக்காமல் மிஞ்சினால் நோட்டுகளைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். நாணயங்களை யாரும் வாங்க மாட்டார்கள், அதெல்லாம் தங்கை வீட்டு உண்டியலுக்கு.