கண் தெளிந்தால் கால் மங்குகிறது: சிலந்திப் படத்துக்கு மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டுமா?

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் வசிக்கும் பள்ளி ஆசிரியை நான். இரண்டு ஆண்டுகளாக வீட்டு வளவில் உள்ள சிலந்திகளைக் கேனான் டிஎஸ்எல்ஆர் கேமராவில் படமெடுத்து வருகிறேன். என்னிடம் 18–55 மி.மீ., 55–250 மி.மீ. என இரண்டு லென்ஸ்கள் உள்ளன. லென்ஸின் முன்னால் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியான க்ளோஸ்-அப் ஃபில்டரை இரவல் வாங்கி மாட்டி எடுத்தால், கண் தெளிவாக விழும்போது கால் மங்குகிறது. காலைத் தெளிவாக்கினால் கண் போய்விடுகிறது. உங்கள் லென்ஸே சரியில்லை என்று சொல்லும் கடைக்காரர் ஒருவர், சிற்றுயிர்களை மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் பழைய 100 மி.மீ. மேக்ரோ லென்ஸையும், லென்ஸைச் சுற்றி வளையமாக மாட்டும் ரிங் ஃபிளாஷையும் சேர்த்து 28,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கேரள எல்லைக்கு அப்பால் உள்ள ஆரியங்காவுப் பக்கம் ஜீப்பில் கூட்டிப்போய்ப் பெரிய மரச்சிலந்தியைப் படமெடுக்க வைப்பதாக ஒருவர் கூற, அவருக்கு 1,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். லென்ஸை வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறை லென்ஸின் குறையன்று; இவ்வளவு நெருக்கத்தில் படமெடுக்கும் எவருக்கும் வருகிற குறைதான் அது. சிலந்தியின் உருவம் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் உயிரளவுக்கு விழும்போது, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, எஃப் 11-க்குச் சுருக்கினாலும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்), தெளிவாக விழும் பகுதியின் ஆழம் உங்கள் கேமராவில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள தாவும் சிலந்தி நேராக உங்களைப் பார்த்து நின்றால், அதன் முன்கண்கள் அந்த ஆழத்துக்குள் அடங்கும், பின்னங்கால்கள் அடங்கா. அதே உருப்பெருக்கத்தில், அதே அப்பர்ச்சரில் ஒரு லட்ச ரூபாய் லென்ஸை வைத்து எடுத்தாலும் இந்த ஆழம் மாறாது. இதைக் கடைக்காரர் உங்களிடம் சொல்லமாட்டார். அப்பர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கிப் பார்த்தீர்களானால் ஆழம் கூடும். ஆனால் ஒளி அந்தச் சிறு துளையில் சிதறுவதால் படம் முழுவதுமே மொழுமொழுவென்று ஆகிவிடும். ஆகவே எஃப் 8-க்கும் 11-க்கும் இடையில் நில்லுங்கள்.

ஆழத்தைக் கூட்ட முடியாது என்பதால், சிலந்தியின் உடலை அந்த ஆழத்துக்குள் கொண்டுவரும் கோணத்தைத் தேட வேண்டும். இதைப் பழக, உங்கள் செம்பருத்தி வேலியில் வலை கட்டியிருக்கக்கூடிய ஆர்ஜியோப் சிலந்தியைவிட நல்ல ஆசான் கிடையாது. வலையின் நடுவில், தலைகீழாக, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல விரித்து அசையாமல் இருக்கும். கேமராவின் முகத்தை அந்த வலைக்குச் சரியாக இணையாகப் பிடித்தால், எட்டுக் காலும் உடலும் ஏறக்குறைய ஒரே தளத்தில் விழுந்து, அத்தனையும் தெளிவாக வரும். ஒருபுறம் அரைக் கைவிரல் சாய்த்தாலும் ஒரு பக்கத்துக் கால்கள் கரைந்துபோவதைப் பார்ப்பீர்கள். பிறகு தாவும் சிலந்திக்கு வாருங்கள். அதற்கு முன்னிரு பெருங்கண்கள் தெளிந்தால் போதும். கால் மங்கியிருப்பதை எவரும் குறையாகக் காணமாட்டார்கள். அது திரிந்துகொண்டிருக்கும் இலையின் காம்பை இடக்கையால் பிடித்து, லென்ஸின் முனையை அதே கையின்மேல் சாய்த்துக்கொண்டால் இலையும் கேமராவும் சேர்ந்தே ஆடும். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பை மட்டும் மயிரிழை அளவு முன்னும் பின்னும் அசைத்து, கண் பளிச்சென்று தெரிகிற கணத்தில் அழுத்துங்கள். இருபது படத்தில் இரண்டு தேறினால் அது நல்ல நாள்.

உருப்பெருக்கத்துக்கு உங்கள் 55–250 லென்ஸே போதும். அதன் முன்னால் கவ்விக்கொள்ளும் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற சிறு லென்ஸை மாட்டி, 125 மி.மீ.-இல் வைத்தால் உயிரளவு. 250-இல் வைத்தால் அதைப்போல இருமடங்கு. நீங்கள் இரவல் வாங்கிய ஃபில்டர் ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால், சிலந்தியின் ஓரங்களில் ஊதாவும் பச்சையும் கசியும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செலவே இல்லாமல் 18–55 லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் நிறுத்தி விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் தடுக்கி விழுந்தவர்களே அதிகம். பழைய லென்ஸ்களில் அப்பர்ச்சரைச் சுருக்க ஒரு வளையம் இருந்தது. திருப்பி மாட்டினாலும் அதைக் கையால் திருகலாம். உங்கள் கேனான் லென்ஸில் அது கிடையாது. அப்பர்ச்சரைக் கேமராதான் மின்தொடர்பால் சுருக்குகிறது. கழற்றித் திருப்பியவுடன் தொடர்பு அறுந்து, துளை முழுவதும் திறந்தே நிற்கும். ஆழம் காகிதத்தின் தடிமனுக்குக் குறைந்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. லென்ஸை நேராக மாட்டி எஃப் 11 வைத்து, ஆழத்தை முன்கூட்டிப் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால், துளை சுருங்கியபடியே நின்றுவிடும். பொத்தானை முன்னதாக விட்டால் மீண்டும் திறந்துகொள்ளும். அந்தப் பொத்தான் இல்லாத கேமராவில் இந்த வித்தை பலிக்காது. நிகான் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. வளையமற்ற ஜி வகை லென்ஸைக் கழற்றினால் துளை மிகச் சிறியதாகச் சுருங்கிவிடும், பின்புறத்து நெம்பியைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். எந்த லென்ஸானாலும் திருப்பி மாட்டினால் பின்கண்ணாடி வெளியே வந்துவிடும். நம் ஊர்ச் சாரலில் அதை நனைய விடுவது நல்லதன்று.

ஒளிக்கு வருவோம். ரிங் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். தாவும் சிலந்தியின் கண் கண்ணாடி மணிபோன்றது; எதிரே இருக்கிற விளக்கின் வடிவத்தை அப்படியே காட்டும். ரிங் ஃபிளாஷ் வைத்தால் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். பார்சலில் சுற்றி வருகிற வெள்ளை ஃபோம் தாளின் நடுவில் லென்ஸ் நுழையுமளவு துளையிட்டு, லென்ஸின் முன்பகுதியில் மாட்டி, கேமராவிலேயே எழும் ஃபிளாஷின் ஒளி அதன் வழியே பரவி விழும்படி செய்யுங்கள். மேனுவலில் 1/160 நொடி, எஃப் 11, சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கலாம். நிழலில் எடுக்கும்போது படத்தை ஆக்குவது ஏறக்குறைய ஃபிளாஷ் மட்டுமே. அது ஒளிரும் நேரம் மிகக் குறுகியது என்பதால் கைநடுக்கம் பெரும்பாலும் பதியாது.

இனி அந்தப் பழைய லென்ஸ். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வீசும் நம் ஊரில் பீரோவில் கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காவிட்டால்தான் வியப்பு. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு மேக்ரோ லென்ஸை வாங்கினேன். உள்ளே தெரிந்த நூலிழையை விற்றவர் "வெறும் தூசிதான் சார்" என்றார். மறு மழைக்காலத்தில் அது சிலந்தி வலையாகவே விரிந்திருந்தது. சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸின் விலையில் பாதி. பழைய லென்ஸ் எதை வாங்கினாலும், இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பவற்றைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைத்தால் தவிட்டுத் தூசிதான் சேரும்.

ஜீப்காரர் சொல்லும் மரச்சிலந்தி பெரும்பாலும் பொயிசிலோதீரியா பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கும். கள்ளத்தனமாகப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்பதால், அந்தப் பேரினம் முழுவதும் 2019-இல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. ஆரியங்காவுக்கு அப்பால் செந்துருணி வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும், அங்கிருந்து எதையும் எடுத்துவருவதும் தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலத்திலும் குற்றம். இவ்வகை ஏற்பாட்டாளர்கள் முதல்நாளே பொந்தைக் கிளறிச் சிலந்தியை டப்பாவில் அடைத்து, அசையாமலிருக்க ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் வாகான மரத்தில் விட்டு "பாருங்கள், அதிர்ஷ்டம்" என்பார்கள். வனத்துறையிடம் மாட்டினால் அவர் கிளம்பிவிடுவார். பெயர் எழுதிக் கொடுப்பது நீங்களாக இருக்கும். முறையாக அனுமதி வாங்கலாமே என்றால், அதையும் ஒருமுறை முயன்றேன். தமிழகப் பக்கத்து அலுவலகத்தில் விண்ணப்பத்தின் மூன்று பிரதிகள் கேட்டார்கள். கேரளப் பக்கத்தில் படிவமே வேறு என்றார்கள். இரண்டு ஊருக்கும் பேருந்தில் அலைந்து கையெழுத்து வந்தபோது சாரலும் முடிந்திருந்தது, நான் தேடிய சிலந்திகளும் போயிருந்தன. நேர்வழியை இவ்வளவு முள்ளாக்கி வைத்தால் ஜீப்காரருக்குத் தொழில் நடக்காமல் என்ன செய்யும்?

நல்ல படத்துக்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வளவில் மாமரம் இருந்து, அதில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால், இலைகளைப் பொறுமையாகப் பாருங்கள். முசுறுவைப் போலவே செந்நிறமாக, மெலிந்த இடையுடன், முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டிக்கொண்டு ஒன்று தனியே திரியும். எண்ணினால் எட்டுக் கால் இருக்கும். அந்தச் சிலந்தியின் ஆணுக்கு முகத்துக்கு முன் தாடை நீண்டிருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப்போவது போலத் தோன்றும். பக்கவாட்டில் நின்று, கேமராவை அதன் உடலுக்கு இணையாகப் பிடித்தால் முழுவதும் ஆழத்துக்குள் அடங்கிவிடும்.

முன்பணத்தை நாளைக்கே திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் அந்த 1,000 ரூபாய் போகட்டும். அதற்காக ஜீப்பில் மட்டும் ஏறாதீர்கள்.