பூட்டியிருந்த ஆலயக் கதவு

கேள்வி: 2022-இல் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் சபையில் 24-ஆம் தேதி இரவு ஆராதனையோடு நிறுத்திக்கொண்டோம். பாடகர் குழுவினர் ஓய்வெடுக்கட்டும், காலையில் எல்லோரும் குடும்பத்தோடு இருக்கட்டும் என்று முடிவு. சபைக் குழுவில் இருந்த நானும் சம்மதித்தேன். அன்று காலை வழக்கம்போல வந்த ஒரு வயதான அம்மா, கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனாராம். இன்றும் அவரைப் பார்க்கும்போது மனம் உறுத்துகிறது. நாங்கள் செய்தது தவறா?

பதில்: அன்புச் சகோதரரே, தவறு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் காரணம் பொய்யானதல்ல. மாதம் முழுக்க ஒத்திகை, அலங்காரம் என்று ஓடியவர்கள் நள்ளிரவில் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வீடு போகிறார்கள். விடிந்ததும் மறுபடி வரச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? 2005-இல் அமெரிக்காவில் சிகாகோ அருகே உள்ள வில்லோ க்ரீக் உட்பட சில பெரிய சபைகளும் இதே முடிவை எடுத்தன. அப்போதே அது பெரிய விவாதமானது.

சபைக்கு ஞாயிறு கிறிஸ்துமஸைவிட மூத்தது. ரோமில் டிசம்பர் 25-ஐக் கிறிஸ்துவின் பிறப்போடு சேர்த்துச் சொல்லும் பழைய பதிவு கி.பி. 336-ஐச் சேர்ந்தது. அதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் கூடியதை இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதிவைத்திருக்கிறார். அன்றைக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வுநாளாக்கியது 321-இல்தான். ஜஸ்டின் சொல்லும் இன்னொரு விஷயம்தான் என் மனதைத் தொடுவது: வர முடியாதவர்களுக்கு, ஆராதனையில் பகிர்ந்த அப்பத்தை டீக்கன்கள் என்ற சபை ஊழியர்கள் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். வராதவரையே தேடிப் போன சபை அது. உங்கள் சபைக்கோ அந்த அம்மா தேடி வந்தார்.

குடும்பத்தோடு இருக்கட்டும் என்கிறீர்கள். சரி, குடும்பம் பக்கத்தில் இல்லாதவர்கள்? துணையை இழந்தவர், வேலைக்காக ஊரைவிட்டு வந்தவர், இரவுப் பணி முடித்து வரும் நர்ஸ். கிறிஸ்துமஸ் காலையில் இவர்களுக்கு வீடு ரொம்ப அமைதியாக இருக்கும். பல நேரம் இவர்களுக்கு இருக்கிற ஒரே குடும்பம் சபைதான்.

அதற்காக எல்லோரும் இரண்டு முறை வர வேண்டும் என்று சொல்லவில்லை. 24 மாலைத் திருப்பலிக்கு வந்தவர் மறுநாள் திருப்பலியில் கலந்துகொள்ளும் கடமையை நிறைவேற்றிவிட்டார் என்று கத்தோலிக்கத் திருச்சபையே ஏற்றுக்கொள்கிறது. இரவில் உழைத்தவர்கள் நன்றாகத் தூங்கட்டும். காலையில் ஒரே ஆராதனை, நாற்பது நிமிடம் போதும். பாடகர் குழு வேண்டாம், எல்லோருக்கும் மனப்பாடமான நாலு பாட்டு, இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா இரண்டாம் அதிகாரம், ஜெபம். கதவைத் திறக்க இரண்டு பேர் இருந்தால் நடத்திவிடலாம். பத்து பேர் வந்தாலும் அது நிறைவான ஆராதனைதான்.

கிறிஸ்துமஸ் அடுத்து ஞாயிறில் வருவது 2033-இல். அதற்கு முன்பே 2028-இல் 24-ஆம் தேதி ஞாயிறு. காலை ஆராதனையை விட்டுவிட்டு இரவு மட்டும் வைக்கலாமா என்ற பேச்சு அப்போது உங்கள் குழுவிலேயே எழும். இதை இப்போதே பேசி வையுங்கள்.

அந்த அம்மாவை இந்த வாரமே போய்ப் பாருங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், மன்னிப்பு மட்டும் கேளுங்கள். அன்று காலை எந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டு வந்தார் என்று விசாரித்து, கூடவே உட்கார்ந்து அதைப் பாடிவிட்டு வாருங்கள்.