துணைக் கேள்வியில் பிடிபடும் அமைச்சர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் தொண்டிக்காரன். எங்கள் வீட்டில் இப்போது யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் சொந்தபந்தம் எல்லாம் கடலை நம்பித்தான் இருக்கிறது. மீனவர் கைது பற்றி வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொல்லும் பதில்களைச் சில வருஷமாகத் தேடிப் படித்து வருகிறேன். எல்லாவற்றிலும் ஒரே பாட்டுத்தான். மீனவர் பாதுகாப்புக்கு அரசு மிக உயர்ந்த முன்னுரிமை தருகிறது, தூதரகம் பேசி வருகிறது, கூட்டுப் பணிக்குழு இருக்கிறது, மனிதாபிமான அடிப்படையில் அணுக வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறோம். போன வருஷத்துப் பதிலில் தேதியை மட்டும் மாற்றினால் இந்த வருஷத்துப் பதில். உள்நாட்டு விஷயங்களிலும் இதே கதைதான். எழுதிக் கொடுத்ததை அமைச்சர் வாசிப்பதற்குத் தினமும் ஒரு மணி நேரம் எதற்கு? கேள்வி நேரத்தால் இந்த நாட்டில் எதாவது நடந்திருக்கிறதா? நேரடியாகச் சொல்லுங்கள்.

கு., தொண்டி

அன்புள்ள கு.,

நடந்திருக்கிறது. ஒரு நிதியமைச்சர் பதவி விலகியிருக்கிறார். ஒரு பிரதமர், தான் வெளியில் சொல்லாமல் வைத்திருந்த எல்லைப் பிரச்சினையை நாட்டின் முன் வைக்க வேண்டி வந்தது. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்று பார்ப்போம்.

நீங்கள் படிப்பவை பெரும்பாலும் நட்சத்திரக் குறியில்லாத கேள்விகளுக்கான எழுத்துப்பூர்வ பதில்கள் என்று நினைக்கிறேன். மக்களவையில் ஒரு நாளுக்கு இப்படி 230 கேள்விகள் வரை வரும். அவற்றுக்கு யாரும் எழுந்து பதில் சொல்வதில்லை. துறையில் ஒரு அதிகாரி எழுதி, மேலே மேலே கையெழுத்தாகி, அவையில் வைக்கப்படும் தாள்தான் அது. எழுதும் அதிகாரி முதலில் எடுத்துப் பார்ப்பது போன கூட்டத்தொடரில் இதே கேள்விக்குத் தந்த பதிலைத்தான். அதே வரி திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். அங்கே அமைச்சரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

அமைச்சர் அகப்படும் இடம் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. மக்களவையில் பச்சைத் தாளில் அச்சாகி வரும் பட்டியல், நாளுக்கு 20 கேள்விகள், குலுக்கலில் தேர்வானவை. காலை 11 மணிக்கு அவைத் தலைவர் உறுப்பினரின் பெயரைச் சொல்வார், உறுப்பினர் எழுந்து கேள்வி எண்ணைச் சொல்வார், அமைச்சர் எழுந்து ‘பதில் அறிக்கை அவையின் மேசை மீது வைக்கப்படுகிறது’ என்பார். அரை நிமிடம்கூட ஆகாது. நீங்கள் சொல்கிற, எழுதிக் கொடுத்த சமாச்சாரம் அத்தோடு முடிந்தது. அப்புறம்தான் துணைக் கேள்வி, அதாவது அந்தப் பதிலைத் தொடர்ந்து வாயால் கேட்பது. கேட்டவருக்கு இரண்டு. பிறகு அவைத் தலைவர் யாரை அழைக்கிறாரோ அவர்களுக்கு ஒவ்வொன்று. இந்தத் துணைக் கேள்வி என்னவாக இருக்கும் என்று அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. என்னவெல்லாம் கேட்கலாம் என்று ஊகித்துத் துறை ஒரு கட்டுக் குறிப்பு தயாரித்துத் தந்திருக்கும். அதிகாரிகள் தங்களுக்கான மாடத்தில் உட்கார்ந்து துண்டுச் சீட்டு அனுப்புவார்கள். ஆனால் எழுந்து நின்று வாயைத் திறப்பவர் அமைச்சர் ஒருவர்தான். தன் துறை அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச் 27 அன்று மாநிலங்களவையில் மீனவர் பற்றிய துணைக் கேள்விகளுக்கு வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பதில் சொன்னார். நேற்று வரை 86 பேர் இலங்கைக் காவலில் இருந்தார்கள், இன்று ஒரு படகோடு 11 பேரைப் பிடித்திருக்கிறார்கள், ஆக 97 பேர், அவர்களில் 83 பேர் தண்டனை அனுபவிக்கிறார்கள், 3 பேர் விசாரணைக்குக் காத்திருக்கிறார்கள் என்றார். அன்று காலை நடந்த கைதை அன்றே அவையில் சொல்ல முடிந்தது நேருக்கு நேர் கேட்டதால்தான்.

அதைவிட முக்கியம் அடுத்து அவர் சொன்னது. இலங்கையின் 1996 மீன்வளச் சட்டம், வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்தும் 1979 சட்டம் இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். 2018லும் 2023லும் திருத்தம் வந்து தண்டனையும் அபராதமும் கடுமையாகிவிட்டன என்றார். உள்ளே இருப்பவர்களில் பலர் படகு உரிமையாளர்கள், படகோட்டிகள், இரண்டாம் முறை பிடிபட்டவர்கள், அதனால்தான் சிக்கல் என்றார். எந்தச் சட்டப் பிரிவில் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள், ஏன் பழைய மாதிரி சில வாரங்களில் விடுவித்து அனுப்புவதில்லை என்று உங்கள் ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்விக்கு இது பதில். பிடிக்காத பதிலாக இருக்கலாம். ஆனால் பதில்.

இலங்கையோடு கடல் எல்லையை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களில்தான் இதன் வேர் இருக்கிறது என்றும் அன்று அவர் சொன்னார். அது அரசியல். எந்தக் கட்சி ஆண்டாலும் வெளியுறவு அமைச்சர் பழைய அரசைக் கை காட்டுவார். அந்த இடத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, ‘சரி, 1974 இருக்கட்டும். 2016இல் அமைத்த கூட்டுப் பணிக்குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் இழுவைமடி, அதாவது கடலின் அடிமட்டத்தை வாரும் வலை பற்றி என்ன பேசினீர்கள்?’ என்று கேட்டால் பேச்சு வேறு தளத்துக்குப் போயிருக்கும். கேள்வி நேரம் வீணாவது இங்கேதான். கிடைத்த ஒரு துணைக் கேள்வியில் பாதி நேரத்தைத் தொகுதிப் பெருமைக்கும் தலைவர் புகழுக்கும் செலவழித்துவிட்டு, கடைசியில் ‘அரசு என்ன நடவடிக்கை எடுத்தது?’ என்று முடிக்கிறார்கள். அப்படிக் கேட்டால் ‘உயர்ந்த முன்னுரிமை அளிக்கிறோம்’ என்றுதான் பதில் வரும். வேறென்ன வரும்? இதில் எனக்கு அமைச்சர்களைவிட உறுப்பினர்கள் மேல்தான் கோபம் அதிகம்.

உள்நாட்டு விஷயத்துக்கு 2020 செப்டம்பரைப் பாருங்கள். கொரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப்பூர்வ பதில் மட்டும். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டதற்குத் தொழிலாளர் துறையிலிருந்து மக்களவைக்கு வந்த பதில்: அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வி எழவில்லை. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்ற கணக்கு அதே துறையிடம் இருந்தது. கேள்வி நேரம் இருந்து, அந்தக் கேள்வி குலுக்கலில் மேலே வந்திருந்தால், யாராவது ஒருவர் எழுந்து ‘திரும்பியவர்களை எண்ணினீர்கள், செத்தவர்களை ஏன் எண்ணவில்லை?’ என்று கேட்டிருப்பார். அமைச்சர் அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அது நடக்காமல் போனதை என்னால் இன்றைக்கும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. ஊரடங்கில் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப விட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணத்தின்போது இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மாநிலங்களவையில் திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் டெரிக் ஓ பிரையன் கேட்டிருந்தார். ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் எழுத்துப்பூர்வமாகத் தந்த பதில், செப்டம்பர் 9 வரை 97 பேர். குறிப்பிட்ட ரயில்களை மட்டும் கேட்டதால், மாநிலக் காவல்துறை தந்த கணக்கை வைத்து எண் வந்தது. ‘தொழிலாளர்கள்’ என்று அகலமாகக் கேட்டபோது கைவிரித்த அதே அரசுதான் இதுவும்.

நாட்டில் எதாவது நடந்திருக்கிறதா என்றீர்கள் இல்லையா. 1957இல் எல்.ஐ.சி. நாட்டுடைமையாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் அது சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முதலீடு செய்தது. மக்களவையில் இதைப் பற்றிக் கேள்வி வந்தது. முதலில் கிடைத்த பதில்கள் வழுக்கலாகத்தான் இருந்தன. ஃபெரோஸ் காந்தி விடவில்லை. அவர் ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், ரேபரேலிக்காரர். அந்த டிசம்பரில் சபையில் எழுந்து இதைக் கிழித்துப் போட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா ஒரு மாதத்துக்குள் விசாரணையை முடித்தார், பொதுமக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னையிலிருந்து தேர்வாகிப் போனவர், நேருவுக்கு மிகவும் வேண்டியவர். வழுக்கலான முதல் பதிலோடு திருப்திப்பட்டுப் போயிருந்தால் இவ்வளவும் இல்லை.

அக்சாய் சின் கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நேரு பிரதமராக இருந்த கடைசி நாள் வரை வெளியுறவுத் துறையும் அவர் கையில்தான். ஒரே ஆள் உள்நாட்டுக்கும் பதில் சொல்வார், வெளிநாட்டுக்கும் பதில் சொல்வார். சீனா ஜின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைத்து, லடாக்கை ஒட்டி இந்தியா தன்னுடையது என்று சொல்லும் அக்சாய் சின் வழியாகச் சாலை போட்டு முடித்ததை 1957இல் அறிவித்தது. இந்தியா 1958 அக்டோபரில் எதிர்ப்புக் குறிப்பு அனுப்பியது. நாடாளுமன்றத்துக்கு இது எதுவும் தெரியாது. 1959 ஆகஸ்டில் கிழக்கு எல்லையில் உள்ள லோங்ஜூவில் துப்பாக்கிச் சூடு நடந்து, மக்களவையில் உறுப்பினர்கள் பிடித்து உலுக்கிய பிறகுதான், ஆகஸ்ட் 28 அன்று நேரு அந்தச் சாலையைப் பற்றிச் சொன்னார். அனுப்பிய குறிப்புக்கும் சொன்ன நாளுக்கும் நடுவே பத்து மாதம். செப்டம்பர் 7 அன்று சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்து வெள்ளை அறிக்கையாக வந்தது. அதற்குப் பிறகு தொடர்ந்து வெள்ளை அறிக்கைகள் வந்தன. வெளியுறவு என்றால் ரகசியம் என்று மூடி வைத்திருந்த பெட்டியைக் கேள்வி கேட்டுத்தான் திறந்தார்கள்.

நேருவைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்பதை அவர் உட்கார்ந்து கேட்டார். கோபப்பட்டார், நீளமாக இழுத்தார், ஆனால் சபைக்கு வந்தார். இன்றைக்கு எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும் அந்தப் பழக்கத்தை நான் எதிர்பார்க்கிறேன்.

வெளியுறவு அமைச்சருக்கு ஒரு நியாயமான கஷ்டம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பேசுவதைக் கொழும்பிலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் கேள்வியை அவை விதியே அனுமதிக்காது. அப்புறம், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் மீனவர்களும் தமிழர்கள்தான். இழுவைமடியைத் தடை செய்யும் மசோதாவை இலங்கை நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக, அதாவது அரசு சாராமல் ஒரு உறுப்பினராகக் கொண்டுவந்தவர் அப்போது அங்கே தமிழ் உறுப்பினராக இருந்த சுமந்திரன். 2017இல் அது சட்டமானது. நம் விசைப்படகுகள் அங்கே போய் அடிமட்டத்தை வாரிக்கொண்டு வரும்போது வலை அறுபடுவது அவர்களுக்கு. இதைச் சொல்லாமல் கேள்வி கேட்கும் நம் உறுப்பினர்களுக்கு அமைச்சர் தரும் பதிலும் பாதிப் பதிலாகத்தான் இருக்கும்.

நீங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். நிறைய உறுப்பினர்கள் வாங்கிக்கொள்வார்கள், அவர்களுக்கும் நல்ல கேள்வி தேவைப்படுகிறது. ‘நடவடிக்கை என்ன?’ என்று எழுதாதீர்கள். எத்தனை படகுகளை இலங்கை நீதிமன்றங்கள் அரசுடைமையாக்கின, எத்தனை படகுகள் திரும்பி வந்தன, அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு வழக்கறிஞர் வைக்கத் தூதரகம் ஒரு வருஷத்தில் எவ்வளவு செலவு செய்தது என்று எழுதுங்கள். துணைக் கேள்வி இரண்டையும் தனித் தாளில் சேர்த்தே கொடுங்கள்.

பதில் வந்ததும் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது வெறும் சமாளிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். நாடாளுமன்ற வழக்கில் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மக்களவையில் 1953இலிருந்து இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் துறை அதை நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்டுக் குழுவிடம் போக வேண்டும். மூன்று மாதம் கழித்து அந்தப் பதிலின் எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் உறுப்பினருக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு எழுதினால் உங்கள் கடிதம் கடைசி வாரத்துக்குத்தான் பயன்படும். தேதி அறிவித்த அன்றே அனுப்பிவிடுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கேள்வியைக் கூர்மையாக்க வேண்டிய இடம் இருந்தால் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்