லக்கம்மாவின் அரிசி – கடிதம்

வணக்கம் சார்,

பசவண்ணரின் சரணர் (சிவனடியார்) இயக்கம் பற்றிச் சில கட்டுரைகள் படித்தேன். 12ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வணிகம் பெருகியது, ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களுக்குப் பிராமண ஆதிக்கம் இல்லாத ஒரு சமயம் தேவைப்பட்டது, சரணர்கள் கன்னடத்தில் பாடிய வசனங்கள் அந்தத் தேவையின் குரல் என்கிறார்கள். அப்படியானால் பக்தி வெறும் மேல்பூச்சா? இந்த இயக்கத்தின் வழிவந்த லிங்காயத் தனி மதமா? இன்று அவர்களே நிலமுள்ள பெரிய சாதி என்பதால் இயக்கம் தோற்றது எனலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்ச நாட்களாக வசனங்களைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தைக் கடந்துபோக முடியவில்லை.

தனி மதமா என்பதை விட்டுவிடுங்கள். 2018இல் கர்நாடக அரசு பரிந்துரை செய்ததிலிருந்து எல்லோரும் அதையே பேசுகிறார்கள். சரணர்கள் கூடிய, அரசன் பிஜ்ஜளன் காலத்துக் கல்யாண நகரத்தைப் புரிந்துகொள்ள அது உதவாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு கேட்கிறீர்கள், பசவண்ணரைத் தவிர ஒரு சரணரின் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. வசனங்களைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள், வசனங்களைப் படிக்கவில்லை. இது சோம்பேறித்தனம். மடிவாள மாச்சய்யா துணி வெளுத்தவர். அம்பிகர சௌடய்யா ஓடக்காரர். நுலிய சந்தய்யா கயிறு திரித்தவர். மேதர கேதய்யா கூடை முடைந்தவர். டோகர கக்கய்யா தோல் பதனிட்டவர். சத்யக்கா தெரு பெருக்கியவர். இவர்களா பெருவணிகர்களின் குரல்? ஐந்நூற்றுவர் சிவன் கோயிலுக்கும் கொடுத்தார்கள், சமணப் பள்ளிக்கும் கொடுத்தார்கள். இருந்த அமைப்போடு அவர்களுக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை.

சண்டை இருந்தது கைத்தொழில்காரனுக்கு. நம் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை என்று வருகிறதே, அதுபோன்ற வரிகள் அங்கும் உண்டு. அந்த வருமானத்தைக் கோயிலுக்கே எழுதி வைத்த கல்வெட்டுகளும் உண்டு. கோயிலுக்கு நிலம் இருந்தது, பொன் இருந்தது. செக்காட்டியவனின் எண்ணெயில் விளக்கு எரிந்தது. தோல் பதனிட்டவனுக்கு அந்த விளக்கைப் பார்க்க அனுமதி இல்லை. இந்த இடத்தில்தான் பசவண்ணர், பணக்காரர்கள் கோயில் கட்டுவார்கள், ஏழை நான் என்ன செய்வேன், என் கால்களே தூண், உடலே கோயில் என்று பாடுகிறார். லிங்கத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டவனுக்குக் கருவறையும் வேண்டாம், நடுவில் நிற்கும் பூசாரியும் வேண்டாம். பக்தி இதில் எங்கே மேல்பூச்சு? அந்தப் பக்தி இல்லாமல் வண்ணான் ஒருவன் அரசனின் பண்டாரியான, அதாவது கருவூலத் தலைவரான பசவண்ணரோடு சமமாக உட்கார்ந்திருக்கவே முடியாது.

இப்போது ஆய்தக்கி லக்கம்மாவுக்கு வருகிறேன். அவருடைய கணவர் மாரய்யா பசவண்ணரின் வீட்டு முன் சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்குவார். அதுதான் அவர் காயகம், அதாவது தொழில். அதில் சமைத்து அடியார்களுக்கும் சோறு போடுவார்கள். ஒருநாள் பசவண்ணர் வேண்டுமென்றே கூடுதலாகச் சிதறவிட்டார் என்கிறது மரபு. மாரய்யா அள்ளி வந்தார். லக்கம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: ஆசை அரசர்களுக்கு இருக்கலாம், சிவபக்தருக்கு உண்டா? இவ்வளவு அரிசி எதற்கு? கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வாருங்கள்.

என் அத்தை அறுவடை முடிந்த வயல்களில் கதிர் பொறுக்கியவர். கணக்குப்பிள்ளை மனமிரங்கி ஒரு அரிக்கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டால் மறுபேச்சில்லாமல் முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். அன்று வீட்டில் சோறு. நானும் சாப்பிட்டிருக்கிறேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அடுத்த வருடம் கணக்குப்பிள்ளை வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் தேய்க்க அத்தையைக் கூப்பிட்டபோது மறுக்க வாயில்லை. கூலியும் கிடையாது. லக்கம்மாவை வைராக்கியமான பெண் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுபவர்களுக்கு இது தெரியாது. உழைப்புக்கு மேல் வந்த அரிசி கொடையாகிவிடும், கொடுத்தவர் பசவண்ணரே ஆனாலும் வாங்கியவர் அவருடைய ஆளாகிவிடுவார். கோயிலும் அரண்மனையும் நின்றது கொடுப்பவர், வாங்குபவர் என்ற இந்த உறவின் மேல்தான். லக்கம்மா கை வைத்தது அதில். எந்த வணிகக் குழுவும் தன் சமயத்தில் இப்படி ஒரு வரம்பை எழுதிக்கொள்ளாது. வேண்டியதற்கு மேல் சேர்க்காதே, மிஞ்சியதைத் தாசோகமாக, அதாவது அடியார்களுக்குச் செய்யும் சேவையாகப் பகிர்ந்துகொடு என்பது சந்தையின் கணக்கே இல்லை.

அப்புறம், தோல்வி பற்றி. செருப்புத் தைத்த ஹரளய்யாவின் மகனுக்கும் பிராமணரான மதுவரசரின் மகளுக்கும் நடந்த திருமணத்துக்காக இரண்டு தகப்பன்களையும் பிஜ்ஜளன் கொன்றான் என்று மரபு சொல்கிறது. பிஜ்ஜளனும் கொல்லப்பட்டான், சரணர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலுள்ள உளவிவரை சிதறி ஓடினார்கள் என்பதும் அந்த மரபுதான். பின்னால் மடங்கள் வந்தன, மடங்களுக்கு நிலம் வந்தது, நிலத்தோடு சாதியும் திரும்பியது. நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதை லக்கம்மாவின் கணக்கில் எழுதாதீர்கள். அவர் அரிசியைத் திருப்பிக் கொடுத்தவர்.

அன்புடன்.