டெட்டால் வாடை அடிக்கும் விஸ்கி கெட்டுப்போனதா?

வாசகர் கேள்வி: "மச்சான் வெளிநாட்டிலிருந்து வரும்போது லஃப்ராய்க் 10 வருட விஸ்கி இரண்டு பாட்டில் வாங்கிவந்தார். ஒன்றைத் திறந்தால் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி டெட்டால் வாடை, கூடவே தார் வாடை. கெட்டுப்போச்சா, டூப்ளிகேட்டா? சோடா ஊற்றினால் சரியாகுமா? இன்னொன்றைத் திறக்காமல் 8 வருடம் வைத்தால் 18 வருட விஸ்கி ஆகிவிடுமா?"

கெடவில்லை. டூப்ளிகேட்டாக இருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை, போலிச் சரக்கு போடுகிறவன் இப்படி ஒரு வாடையைச் சேர்த்து வாங்க வருகிறவனை விரட்டுவானா? லஃப்ராய்க் அப்படித்தான் இருக்கும். 1815-ல் தொடங்கிய ஆலை அது, இந்த வாடைக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி ஐலா என்று ஒரு தீவு, லஃப்ராய்க் ஆலை அங்கேதான் இருக்கிறது. காற்று வீசிக்கொண்டே இருக்கும், மரம் குறைவு, ஆனால் சதுப்பு நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தச் சதுப்பில் பாதி மக்கிப் படிந்த செடிகொடிகளைத்தான் பீட் என்கிறார்கள். அதைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள், விஸ்கிக்காக முளைகட்டிய பார்லியை உலர்த்தவும் அதே நெருப்புதான். ஈரப் பார்லியில் அந்தப் புகை ஏறிக்கொள்ளும். ரயில் வந்த பிறகு ஸ்காட்லாந்தின் மற்றப் பகுதிகளுக்கு நிலக்கரி சுலபமாகக் கிடைக்க, அங்கே பல ஆலைகள் பீட்டைக் குறைத்துக்கொண்டன. ஐலா விடவில்லை. நீங்கள் இதுவரை குடித்தது கிளென்லிவெட், கிளென்ஃபிடிக் வகை என்றால் அவற்றில் இந்தப் புகை கிட்டத்தட்ட இருக்காது, அதனால்தான் இது இவ்வளவு அதிர்ச்சி.

புகையில் இருப்பவை ஃபீனால் குடும்பத்துச் சேர்மங்கள். 1865-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் காயங்களில் கிருமி கொல்லப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலமும் ஃபீனால்தான், டெட்டாலில் இருக்கும் கிருமிநாசினியும் அதே குடும்பம். ஆக உங்கள் மூக்கு சொன்னது பொய் இல்லை! அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது இதை மருந்து என்று சொல்லி உள்ளே அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு, முகர்ந்து பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. (மருந்துக் குணம் எதுவும் கிடையாது. குடிக்காதவர் வீட்டில் இருந்தால் இதைக் காட்டித் தொடங்கிவைக்க வேண்டாம்.)

சரி, எப்படிக் குடிப்பது? சோடாவையும் ஐஸையும் முதல் நாள் தள்ளி வையுங்கள். குளிர்ச்சி வாசனையை அடக்கிவிடும், மீதி நிற்பது சாம்பல் சுவைதான், அதைக் குடித்துவிட்டு இது பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். வாய் குறுகிய கிளாஸில் 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல் கொஞ்சம் மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகருங்கள். அப்புறம் ஒரு டீஸ்பூன் தண்ணீர், சாதாரணக் குடிநீர் போதும். புகைக்குப் பின்னாலிருந்து வெனிலா மாதிரி ஒரு இனிப்பு எட்டிப் பார்க்கும், அது போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த ஓக் மரப் பீப்பாயின் வேலை. போர்பனுக்கு ஒவ்வொரு முறையும் புது ஓக் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம், அதனால் அங்கே ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்கின்றன.

தண்ணீர் விஷயத்தில் பலர் வீராப்புக் காட்டுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். 2017-ல் சுவீடனில் இரண்டு வேதியியலாளர்கள் புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறைக் கணினியில் வைத்துப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும்போது அது மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது, 59 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே அமுங்கிவிடுகிறது. உங்கள் பாட்டிலின் லேபிளில் 40 அல்லது 43 என்று இருக்கும். மூடியைத் திறந்ததுமே முகத்தில் அடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்று நாள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாருங்கள். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் சோடா ஊற்றிக்கொள்ளுங்கள், உங்கள் விஸ்கி உங்கள் இஷ்டம்.

இரண்டாவது பாட்டிலுக்கு வருவோம். 8 வருடம் அல்ல, 80 வருடம் வைத்தாலும் அது 10 வருட விஸ்கிதான். வயது பீப்பாயில் இருந்த காலத்துக்கு மட்டுமே கணக்கு, அதிலும் பாட்டிலுக்குள் போனவற்றில் மிக இளையதன் வயதைத்தான் லேபிளில் போட வேண்டும். மரம்தான் நிறமும் சுவையும் கொடுக்கிறது, கண்ணாடி எதையும் கொடுப்பதில்லை. பெரிய எண் என்றால் நல்ல விஸ்கி என்றும் ஆகிவிடாது. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகும், பெங்களூரு அம்ருத் ஆலையில் 10 சதவீதத்துக்கும் மேல் போய்விடுகிறது. அந்த வெயிலில் சரக்கு சீக்கிரமே முதிர்ந்துவிடும், அங்கே போய் 18 வருடம் காத்திருந்தால் பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த அம்ருத் சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்த விஸ்கி) 2004-ல் முதலில் விற்க எடுத்துப்போன ஊர் கிளாஸ்கோ, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

ஆகவே இரண்டாவதை வைத்திருப்பதானால் வயதுக்காக வைக்காதீர்கள். வெயில் படாத அலமாரியில் நிற்கவைத்து வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கப்போட்டால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். திறந்த பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று அதிகம், புகை மெல்ல மங்கும், சில மாதங்களில் முடித்துவிடுங்கள். அல்லது மச்சான் அடுத்த முறை வரும்போது அவருக்கே ஊற்றிக் கொடுங்கள்.